இமைக்குள் ஓடும் கண்கள்

1

ஒட்டுக்கேட்ட கதை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாடிவீட்டுப் பெண்ணுக்குத் தூக்க ஆய்வகத்தில் வேலை. அக்காவிடம் போனில் பேசும்போது சமையலறை ஜன்னலைச் சாத்துவதில்லை. என் மீது என்ன தப்பு?

2

கேட்டதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: மூளை என்பது ஒரு மாபெரும்—

வேண்டாம். பாடப்புத்தக வாடை.

இரண்டாவது: பகல் பன்னிரண்டு மணிக்குப் பேக்கரிக்காரர் தூங்க வந்தார். விடியுமுன் அடுப்பு மூட்டுகிறவருக்கு அதுதான் படுக்கிற நேரம். மாடிவீட்டுப் பெண் அவர் தலையில் பசை தடவி, மூளையின் துடிப்பைத் திரையில் காட்டும் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டினாள்.

"செத்துப்போன தம்பி எல்லார் கனவுலயும் வர்றான்மா. எதிர்வீட்டு அத்தைகிட்ட வந்து குடை கேட்டிருக்கான். எனக்கு மட்டும் வரமாட்டேங்கிறான்."

"உங்ககிட்ட குடை இல்லையோ என்னவோண்ணே."

அவர் சிரிக்கவில்லை. "கடைசியா அவன்கூட சண்டை போட்டேன். இன்னும் கோவம் போல."

(அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இது நான் சேர்த்தது.)

3

போன வாரம் அவர் வந்து படுத்தபோது அவள் ஒரு தப்பு செய்திருந்தாள். கனவு மும்முரமாகும்போது மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் பாயும். திரையில் மூளையின் கோடுகள் விழித்திருப்பவருடையவை போலவே துடிக்கும். அப்போதே எழுப்பிக் கேட்டால்தான் கனவு கையில் சிக்கும். இவளோ கோடுகளை வாய்பிளந்து பார்த்திருந்துவிட்டு, எல்லாம் அடங்கியபின் எழுப்பினாள்.

"ஒண்ணும் வரலம்மா" என்றாராம்.

"வந்துச்சுக்கா! இருபது நிமிஷம் ஓடுச்சு! அவருக்குத்தான் ஞாபகமில்ல."

உடம்பு மரக்கட்டையாகக் கிடக்கிறது. பொட்டு வெளிச்சம் புகாத மண்டையோட்டுக்குள் மூளை தானே வெயிலடிக்கவைத்து, தெருவை விரித்து, போனவர்களை நடக்கவிடுகிறது. ஒரு பேக்கரிக்காரரை நிற்கவைக்க நான் மூன்று தாள் கிழித்தேன். அவரோ தூங்கிக்கொண்டே ஊரையே கட்டுகிறார்!

4

நேற்று மறுபடி படுத்தார். கண்கள் பாய்ந்தன. கோடுகள் துடித்தன. எழுப்புமணியின் பொத்தான் மேல் அவள் விரல். அந்நேரம் பார்த்து அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு.

எழுப்பினால், வந்தது தம்பிதானா என்று தெரிந்துவிடும்; ஆனால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். விட்டுவிட்டால் அண்ணனும் தம்பியும் பேசி முடிப்பார்கள். பேசியதே அவருக்குத் தெரியாது.

முடிவு அ: அழுத்தினாள். "ரொட்டி கருகிடுச்சும்மா" என்றபடி எழுந்தார். (நடக்கக்கூடியதுதான். எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: அழுத்தவில்லை. அவர் எழுந்து, காரணம் தெரியாமல்—

உண்மையில் நடந்தது? அதை அக்காவும் கேட்டாள் போல. இவள் சொன்னாள்: "இரு அக்கா, ஜன்னலைச் சாத்திட்டு வர்றேன்."

சாத்தியும் விட்டாள்.

ஆகவே பொத்தான் இப்போது உங்கள் விரலுக்கடியில். சீக்கிரம். கண்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.