ஏறியவர்கள்: யாருமில்லை

காலை ஐந்து இருபது வண்டியை ஒன்பது வருஷம் ஓட்டினேன். அதில் நடத்துனர் கிடையாது. ஏறுகிறவர்கள் எல்லாரும் மாதப் பாஸ் வைத்திருப்பவர்கள், டிக்கெட் கிழிக்கிற வேலையே இல்லை. மொத்தம் பதினோரு பேர். பக்கத்துப் பெரிய ஊரில் ஆஸ்பத்திரி, ரொட்டிக் கம்பெனி, பள்ளி விடுதி என்று ஆறு மணிக்கு வேலையில் நிற்க வேண்டியவர்கள். என் அக்காவும் அதில் ஒருத்தி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மெஷினில் போட்டு எடுத்து மடிக்கிற வேலை அவளுக்கு.

எங்கள் ஊருக்குள் ஒரே நிறுத்தம்தான், அதுவும் மேட்டு உச்சியில். அக்காவுக்கு முழங்கால் தேய்ந்த பிறகு அந்த மேட்டை ஏற அரை மணி நேரம் ஆனது. நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? ஷெட்டிலிருந்து வருகிற வழியில் அவள் சந்து முனையிலேயே நிறுத்தி ஏற்றிக்கொண்டேன். அக்காவுக்கு நின்றால் ரொட்டிக்காரருக்கு நிற்காமல் போக முடியுமா? அவருக்கு நின்றால் விடுதியில் பாத்திரம் தேய்க்கிற ஓரகத்திகள் இரண்டு பேரும் என்னைச் சும்மா விடுவார்களா? ஒரே வருஷத்தில் பதினோரு பேரும் அவரவர் வாசலில் ஏறினார்கள். தூங்கட்டும் என்று உள்விளக்கை அணைத்துவிடுவேன். மேட்டு நிறுத்தத்தில் நாய்தான் படுத்திருக்கும், நிற்காமலே தாண்டிப் போவேன். பெரிய தர்மப்பிரபு என்று எனக்கு நினைப்பு.

ஊர் வண்டிகளுக்குப் பணம் கொடுக்கிற நகராட்சிக்கு இந்த வருஷம் கையைக் கடித்தது. எந்த வண்டியை நிறுத்தலாம் என்று கணக்கெடுக்க ஆள் அனுப்பினார்கள். நாலு நாள் விடியலில் ஒருவர் குளிருக்குத் துண்டால் காதை மூடிக்கொண்டு அந்த நிறுத்தத்தில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். முதல் நாள் வேகத்தைக் குறைத்தேன். ஏறவில்லை, போங்கள் என்று கை காட்டினார். நானும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுப் போனேன். நாலு நாளும் இதே மரியாதைதான் எங்களுக்குள். இருட்டு வண்டிக்குள் பதினோரு பேர் தூங்குவது அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் வண்டியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நகராட்சிக் கூட்டத்துக்குப் போனேன். மற்றவர்களுக்கு வேலை நேரம். அக்காவுக்கு அன்று வார விடுமுறை, கூடவே வந்தாள். கூட்டம் இரண்டாவது மாடியில். படியைப் பார்த்துவிட்டு, "நீ போய்ப் பேசுடா, எனக்கும் சேத்து," என்று கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மேலே நகராட்சித் தலைவியம்மா காகிதத்தைப் படித்தார். "காலை முதல் வண்டி. நாலு நாளும் ஏறியவர்கள்: யாருமில்லை."

எழுந்தேன். "அம்மா, ஆளுங்க இருக்காங்க. பதினோரு பேர். அவங்கவங்க வீட்டு வாசல்ல ஏறிடுறாங்க."

சிரிப்பு எழுந்தது. அதிகாரி ஒருவர், "அப்ப இது பஸ்ஸா, கல்யாண வேனா?" என்றார்.

தலைவியம்மா சிரிக்கவில்லை. கெட்டவர் இல்லை அவர். "நீங்க சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மறுபடி எண்ணச் சொல்றேன். ஆனா ஒண்ணு, அந்தக் காகிதம் உங்க டிப்போவுக்கும் போகும். பரவாயில்லையா?"

காகிதமும் பேனாவும் என் முன்னால் வந்தன. நிறுத்தம் இல்லாத இடத்தில் நிறுத்தினான் என்று போன வருஷம்தான் எங்கள் டிப்போவில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு ஓய்வுபெற மூன்று வருஷம் இருந்தது. அக்காவின் முழங்காலை நினைத்தேன், என் ஓய்வூதியத்தையும் நினைத்தேன். எது முதலில் நினைவுக்கு வந்தது என்று கேட்காதீர்கள்.

"தினமும் இல்லம்மா," என்றேன். "என்னைக்காவது ஒருத்தர் ரெண்டு பேர். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

உட்கார்ந்துவிட்டேன். அடுத்து தெருவிளக்கைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கீழே இறங்கியதும் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னடா ஆச்சு?"

"எடுத்துட்டாங்கக்கா."

"நீ பேசினியா?"

"பேசினேன்."

"அப்புறம் என்ன பண்ணுறது, வா," என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

அந்த மாதக் கடைசியோடு வண்டி நின்றது. அடுத்த வண்டி ஏழு பத்துக்கு. அக்கா தாமதமாக வருவதைச் சலவைக்கூடத்தில் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பத்தொன்பது வருஷ வேலையை முடித்து, மேலங்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். ஓரகத்திகளில் இளையவளுக்கும் வேலை போயிற்று. ரொட்டிக்காரர் சைக்கிளில் போகிறார், மழை நாளில் போவதில்லை. எனக்குப் பகல் வண்டி கொடுத்தார்கள். மேட்டு நிறுத்தத்தில் ஒழுங்காக நிறுத்துகிறேன். டிப்போவில் எனக்கு நல்ல பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். இப்போதும் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறதாம், என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலிருக்கிற துணியையெல்லாம் எடுத்து மறுபடி மடிக்கிறாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கூட்டத்தில் நான் பேச்சை மாற்றியதைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது ரொட்டிக்காரர் உள்ளே வந்து உட்கார்ந்து, நகராட்சிக்காரர்களைத் திட்ட ஆரம்பித்தார். ஊரில் ஒருத்தனுக்குக்கூட வாயில்லை என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க. என் தம்பி பேசினான். அத்தனை பெரிய மனுஷங்க நடுவுல இவன் ஒருத்தன்தான் எழுந்து நின்னான். தன் வேலை போயிடுமேன்னுகூட பாக்கல."

ரொட்டிக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அந்தக் கையை விலக்கவில்லை.

"டீ ஆறுது பாரு, குடிடா," என்றாள் அக்கா.

குடித்தேன்.