அட்டை சொல்லாத அளவு

நாற்பத்தோராவது அட்டை சூட்டில் ஒளிர்ந்து அடங்கியது. திரையில் வந்த எண்ணைப் பார்த்ததும் அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. அது அவள் கணவனின் அட்டை. அணு ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் சட்டைப்பையில் குத்திக்கொள்ளும் சின்ன அட்டை. உடம்பில் பட்ட கதிர்வீச்சை அது மாதம் முழுக்கச் சேர்த்து வைத்திருக்கும். அதைப் படித்துப் பதிவது அவள் வேலை. ஒரு தடவைதான் படிக்க முடியும். சூடு பட்டதும் அட்டை எல்லாவற்றையும் மறந்துவிடும்.

எண் அதிகமாக இருந்தால் பயப்படுவதற்கு இத்தனை வருடத்தில் பழகியிருந்தாள். இது குறைவாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஈயப் பெட்டிக்குள் பூட்டியே வைத்திருக்கும் அட்டையின் அதே எண். மண்ணும் சுவரும் ஆகாயமும்கூட மனிதருக்குக் கொஞ்சம் கதிர்வீச்சு கொடுக்கும். வாசல் காவலாளியின் அட்டையே இதைவிட அதிகம் காட்டியிருந்தது.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் சர்ஜன் மாசம் பூரா லீவா?"

"ஒருநாள்கூட லீவு போடலக்கா."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. "நான் எதையும் பாக்கல தாயே" என்று டீ குடிக்க எழுந்து போய்விட்டாள்.

நிலையத்தின் முதல் உலை அவள் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கியது. கட்டியவர்களின் பெயர்கள் வாசலில் கல்லில் இருக்கின்றன. இப்போது அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறவர்களுக்குப் பட்டப்பெயர்தான் மிச்சம். தடித்த கண்ணாடிக்கு இப்பால் நின்றபடி இயந்திரக் கைகளை அசைத்து அறுப்பதில் அவனைப் போல் நடுங்காத கை யாருக்கும் இல்லை என்பதால் அவன் சர்ஜன். அந்த இயந்திரக் கை சிக்கிக்கொண்டால் மட்டும் யாராவது உள்ளே போய் எடுத்துவிட வேண்டும். அப்படிப் போய் வருடத்துக்கு அனுமதித்த கதிர்வீச்சு அளவைத் தாண்டினவரைக் கோப்பு அடுக்க அனுப்பிவிடுவார்கள்.

சாயங்காலம் அவன் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"அட்டைய எங்க வச்சீங்க?"

அவன் ஒரு சட்டையை உதறினான். "அங்கயே ஒரு ஈயப் பெட்டி இருக்கு."

"மாசம் பூராவா?"

"எடுத்து எடுத்து வைக்க சோம்பேறித்தனம். இன்னும் நாலு மாசம்மா, முடிஞ்சிடும். என்னைத் தூக்கி ஆபீஸ்ல போட்டா அந்தச் சின்னப் பசங்கதான் உள்ள போவாங்க. ஒரு நிமிஷ வேலைக்குப் பத்து நிமிஷம் நிப்பானுங்க."

"பெரிய தியாகிதான். நிஜமா எவ்வளவு வாங்கியிருப்பீங்க?"

"தெரியாது."

அந்த ஒரு சொல்தான் அவளை உலுக்கியது. பெரிய எண் என்றால் அழலாம், சண்டை போடலாம், டாக்டரைத் தேடலாம். இதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பக்கத்தில் படுத்துத் தூங்கிய உடம்புக்குள் ஒரு மாதம் காணாமல் போயிருக்கிறது. அந்தப் பொய் எண்ணுக்குக் கீழே காலையில் கையெழுத்துப் போட்டு 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதப்போகிறவள் அவள்தான். அவள் காட்டிக்கொடுக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் அட்டையைப் பெட்டியில் வைத்தானா, அல்லது அதைப் படிப்பது அவள் என்பதையே மறந்துவிட்டானா? இரண்டில் எது அதிகம் வலிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அட்டை தவறினால் உடம்பையே கேட்கிற பரிசோதனை. அதற்கான விண்ணப்பத்தில், அட்டை அணியவில்லை என்று வேலை செய்தவர் தன் கையால் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறுநாள் காலை புது அட்டைகள் கொடுக்கும் ஜன்னலில் வரிசை நின்றது. அவன் முறை வந்தது. அவள் அட்டையை நகர்த்தினாள். அதன் பக்கத்திலேயே, அட்டையைப் படித்தவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தை முதலில் போட்டிருந்த பரிசோதனை விண்ணப்பத்தையும் வைத்தாள்.

"இங்கயேவா?" என்றான் தணிந்த குரலில்.

"வீட்ல கேட்டா துணி காயப்போடுவீங்க."

பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "சர்ஜன் சார், குடும்பம் நடத்துறத வீட்ல வச்சுக்கக் கூடாதா? ஷிப்டுக்கு நேரமாச்சு!"

வரிசை சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான். அட்டைக்கும் காகிதத்துக்கும் நடுவே, ஜன்னல் விளிம்பில் ஊன்றியிருந்த அவன் வலது கை, அவள் இதுவரை பார்த்திராத விதமாக, மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.