எங்கள் தெரு மருத்துவமனை

நகரத்தின் பதினோராயிரம் தெருவிளக்குகளையும் வகை பிரித்தவள் நான்தான். கணினித் திரையில் கம்பத்தின் எண்ணைத் தட்டினால் ஒரு பட்டியல் விரியும்: பிரதான சாலை, கிளைத் தெரு, பூங்கா, மருத்துவமனை. கிளைத் தெருவில் எட்டரைக்கு மேல் ஆள் நடமாட்டம் இல்லையென்றால் விளக்கு கால்பங்கு வெளிச்சத்துக்கு இறங்கிவிடும். யாராவது நடந்தால் தானே ஏறும். மருத்துவமனைக்கு மட்டும் விடியவிடிய முழு வெளிச்சம்.

“எங்க தெருவுக்குக் கொஞ்சம் கூட்டி வைங்க மேடம்” என்று வந்த கவுன்சிலரின் மச்சானையே, “விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்று திருப்பி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கு என்னையே பிடித்திருந்தது.

அன்று சாயங்காலமே என் வீட்டு வாசல் கம்பத்தை மருத்துவமனை ஆக்கினேன்.

மகள் விடுதிக்குப் போய்விட்டாள். கணவருக்கு வெளியூர் மாற்றல். இருட்டென்றால் எனக்குப் பயம் என்பது நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது. அதுவரை பக்கத்தில் ஒருவர் குறட்டை விட்டதைத்தான் என் தைரியம் என்று நினைத்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள மனமில்லை. எதிர்வீட்டு அக்கா ரொட்டிக்கடை வேலைக்கு நாலு மணிக்கே கிளம்புகிறாள், அவளுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். அவள் நடந்தால் விளக்கு தானே ஏறும் என்பதை வசதியாக மறந்தேன்.

மூன்று மாதம் கழித்து மேலதிகாரி சொன்னார்: “நாளைக்கு ஆஸ்பத்திரிக் கம்பமெல்லாம் நேர்ல பாக்கப் போறோம்.”

சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றால், யார் எப்போது மாற்றினார்கள் என்று கணினி குறித்துவைக்கும். அந்த வசதியை அடம்பிடித்துக் கேட்டு வாங்கியவளும் நானே.

சாட்சிக்காவது ஆள் பிடிப்போம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். “அக்கா, நம்ம தெரு லைட்டு உங்களுக்கு ஒத்தாசையா இருக்குல்ல?”

“ஒத்தாசையா? ஏழு மணிக்குப் படுக்கறவ நான். மூணு மாசமா கண்ணுல துண்டைக் கட்டிக்கிட்டுக் கெடக்கறேன். எந்தப் புண்ணியவான் பாத்த வேலையோ, கையில கெடைச்சான்னா இருக்கு!”

“ஆம்பளையாத்தான் இருக்கணும்னு இல்லக்கா” என்று முனகிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஜீப் என் வாசலில் நின்றது. மேலதிகாரி கம்பத்தைப் பார்த்தார். துளசித்தொட்டி இல்லாத, திண்ணை இல்லாத, என் ஒற்றைக் கதவு வீட்டைப் பார்த்தார்.

“இதுல ஆஸ்பத்திரி எங்கம்மா?”

பொய் ஒன்று தயாராக இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “இதுதான் சார்.”

“பேஷண்டு?”

“நான்தான். இருட்டுன்னா பயம்.”

அவர் சிரிக்கக் கூடாது என்று பாடுபட்டது மீசையில் தெரிந்தது. “ரிப்போர்ட்ல குணமாயிட்டாங்கன்னு எழுதவா?”

“தப்பான பதிவுன்னு எழுதுங்க சார். என் பேரைப் போட்டே.”

அன்று எட்டரைக்கு விளக்கு இறங்கியது. வீட்டுக்குள் இருக்க முடியாமல் தெருவில் இறங்கி நடந்தேன், ஏறியது. நின்றேன், சற்று நேரத்தில் இறங்கியது. மறுபடி நடந்தேன்.

எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது. “ஏம்மா, ஒண்ணு நட, இல்ல நில்லு! கண்ணு கூசுது.”

“பயமா இருக்குக்கா.”

அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து என்னை உற்றுப் பார்த்தாள்.

“அந்தப் புண்ணியவதி நீதானா?” என்றாள். “தலகாணிய எடுத்துக்கிட்டு இங்க வந்து தொலை. ஆனா நான் குறட்டை விடுவேன்.”