டக் என்று கேட்டது, தகடு விழவில்லை

1

இந்தக் கதை பாதியில் நின்றுபோன ஒரு பேச்சிலிருந்து வந்தது. என் கற்பனை இதில் மிகக் குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் அண்ணி நம்பவில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஏர்கன் போட்டி முடிந்து அண்ணி வீட்டுக்கு வந்தார். தோளில் துப்பாக்கிப் பை, முழங்கையில் மண், கூந்தலில் புல். "கடைசிக் குண்டு... டக்னு கேட்டுச்சு... ஆனா தகடு விழல... அப்ப அந்த லிஃப்ட்காரரு..." அவ்வளவுதான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அண்ணன் தண்ணீர் கொடுத்தான். குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். மறுபடி அதே இடத்தில் மாட்டிக்கொண்டார்.

"அணியில இடம் கிடைச்சுதா இல்லையா? அத மட்டும் சொல்லிட்டுச் சிரிங்க அண்ணி."

"நீதான் கதை எழுதறவளாச்சே. எழுதிக்கிட்டு வா. சரியான்னு சொல்றேன்."

"முடிவு தெரியாம எப்படி எழுதுவேன்?"

"தூரம் தெரியாமதான் நாங்க சுடறோம். நீ எழுத மாட்டியா?"

அது உண்மை. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று இந்த விளையாட்டில் யாரும் சொல்லமாட்டார்கள். அளக்கும் கருவிக்கும் அனுமதி இல்லை. துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப் என்ற தொலைநோக்கியைத் திருகி, படம் எங்கே தெளிகிறது என்று பார்த்து, தானே ஊகிக்க வேண்டும். அண்ணனிடம் தனியாகக் கேட்டுப் பார்த்தேன். அவன் பெண்டாட்டி கட்சி. அவளையே கேள் என்றான்.

2

தொடக்கம் ஒன்று: காற்று அன்று பழிவாங்கும் வெறியோடு

(நிறுத்திவிட்டேன். "காத்துக்கு என் மேல என்னடி கோபம்?" என்றார் அண்ணி.)

தொடக்கம் இரண்டு: சிறு வயதிலிருந்தே அவளுக்குத் துப்பாக்கி என்றால் உயிர்

(பொய். அண்ணி துப்பாக்கியைத் தொட்டதே கல்யாணத்துக்குப் பிறகுதான். இந்த வாக்கியத்தை எடுத்துவிடு என்று அண்ணன் கெஞ்சினான். எடுக்கவில்லை.)

தொடக்கம் மூன்று: அவள் பல்செட் செய்பவள்.

இது நிற்கட்டும்.*

* வீட்டில் அண்ணி "வந்தார்". கதைக்குள் "வந்தாள்". "கதைக்குள்ள போனா மரியாதை கிடையாதா?" என்று கேட்டார். துணிச்சல் கிடைக்கும் என்றேன். "அது ஏற்கெனவே இருக்கு. மரியாதையே குடு" என்றார். கொடுக்கவில்லை.

3

அவள் பல்செட் செய்பவள். பகலெல்லாம் மெழுகில் பல் பல்லாக நட்டு, வரிசை நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். விடுமுறை நாளில் அதே ஒற்றைக் கண்ணோடு, கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் பின்னாலுள்ள புல்வெளியில் உட்கார்ந்திருப்பாள்.

இலக்கு என்பது இரும்புத் தகட்டில் வெட்டிய எலி அல்லது காக்கை. அதன் வயிற்றில் ஓர் ஓட்டை. குண்டு ஓட்டைக்குள் புகுந்து, பின்னால் இருக்கும் சின்னத் தட்டில் "டக்" என்று பட்டால் எலி மல்லாந்து விழும். ஒரு புள்ளி. ஓட்டைக்கு வெளியே பட்டால் "ணங்" என்று சத்தம் போட்டுவிட்டு எலி அப்படியே நிற்கும்.

இருவர் இருவராகச் சுடுவார்கள். ஒருவர் சுட, மற்றவர் புள்ளி குறிப்பார். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு ஜோடியாக வந்தவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கிளப் அணியின் கடைசி இடம் வருடா வருடம் அவருடையது. அவள் மாற்று ஆள். மாற்று ஆளின் வேலை, மற்றவர்கள் சுடும்போது குடை பிடிப்பது. இந்த வருடம் மற்ற இடங்களெல்லாம் முடிவாகிவிட்டன. மிச்சமிருக்கும் ஒன்று, இவர்கள் இருவரில் இன்று யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு.

"என்ன தங்கச்சி, குடை கொண்டு வந்திருக்கியா?"

"உங்களுக்குத்தான் அண்ணே. இனிமே நீங்க பிடிக்கணுமே."

"பல்லு செய்யறவளுக்கு வாய் இல்லாமலா இருக்கும்!"

துப்பாக்கி நுனியில் கட்டிய சிவப்புக் கம்பளி நூல் காற்றில் எழுந்து எழுந்து படுத்தது. நூல் படுத்தால் நேராக. எழுந்தால் ஒரு மயிரிழை தள்ளி. எலி விழுந்தது. காக்கை விழுந்தது. ஒவ்வொன்று விழும்போதும் பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி அவளுக்குள் ஒரு குதியாட்டம். லிஃப்ட்காரரும் விடவில்லை. தான் வீழ்த்திய ஒவ்வொரு எலியிடமும் "கீழ்த்தளம், இறங்கு" என்றார்.

கடைசி இலக்கு. அவர் சுட்டு முடித்துவிட்டார். இருவரும் சமம். அவளுக்கு ஒரு குண்டு பாக்கி. புல்வெளியின் மறுகோடியில் ஒரு காக்கை, வெறும் கண்ணுக்கு மிளகு அளவு. விழுந்தால் இடம் அவளுக்கு.

சுட்டாள். அவ்வளவு தூரம் ஈயக்குண்டு போய்ச்சேரச் சற்று நேரமாகும். ஓசை திரும்பி வர இன்னும் சற்று. நடுவில் மூச்சுவிட இடம் கிடையாது.

டக்.

ணங் இல்லை. டக்.

காக்கை அப்படியே நின்றது.

4

(விதியை இங்கே சொல்லிவிட வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.)

இலக்கில் கோளாறு என்று தோன்றினால் கையைத் தூக்கலாம். நடுவர் போய்ச் சோதிப்பார். கோளாறு உண்மையென்றால் மறுபடி சுடலாம். இல்லையென்றால் வீண் புகாருக்கு ஒரு புள்ளி போய்விடும். அதாவது இடம் லிஃப்ட்காரருக்கு. கையைத் தூக்காமல் இருந்தால் இருவரும் சமம். இன்னொரு முறை மோதிப் பார்க்கலாம்.

பேசாமல் இருந்தால் நஷ்டமில்லை. ஆனால் டக் என்று கேட்டது. ஓட்டையின் விளிம்பில் உரசினாலும் ஏறக்குறைய அதே ஓசைதான் வரும்.

"அண்ணே, உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே. உள்தட்டுலதான் பட்டுது. கையத் தூக்கு."

"விளிம்பா இருந்தா?"

"இருந்தா எனக்கு இடம். அதுக்குத்தான் தூக்கச் சொல்றேன்னு வச்சுக்கோயேன்."

5

இங்கே நிறுத்துகிறேன். இந்த லிஃப்ட்காரர் மேல் எனக்குச் சந்தேகம். தன் இடத்தைப் பறிக்கப்போகிறவளுக்கு இப்படி யோசனை சொல்பவர் உண்டா? முதலில் எழுதிய படியில் அவரை வில்லனாக்கியிருந்தேன்:

அவர் மீசையைத் தடவிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று

"அவருக்கு மீசையே கிடையாது" என்று அண்ணி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "கேட்டதைக் கேக்கலன்னு சொல்ற ஆளும் கிடையாது."

"அப்ப நிஜமாவே தூக்கச் சொன்னாரா? எதுக்கு?"

"அத நீ கண்டுபிடி."

இரண்டு நாள் யோசித்து இப்படி எழுதினேன்: பொத்தானை அமுக்கினால் டக் என்று கேட்டும் கதவு திறக்காத லிஃப்டைக் கண்டால் அவரால் சும்மா கடந்துபோக முடியாது. ஜெயிப்பதெல்லாம் அப்புறம். உள்ளே என்ன மாட்டியிருக்கிறது என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

இதை வாசித்தபோது அண்ணி சிரிக்கவில்லை. "இது உனக்கு யாருடி சொன்னது?" என்றார்.

யாரும் சொல்லவில்லை. படம் தெளிந்தது, அவ்வளவுதான்.

அவள் விஷயம் இன்னும் எளிது. பல்செட் மாட்டிக்கொண்டவர் நன்றாக இருக்கிறது என்று எழுந்து வாசல்வரை போனாலும், அவர் தாடை லேசாகக் கோணுவதைப் பார்த்துவிட்டால் கூப்பிட்டு உட்காரவைத்து, கழற்றித் திரும்பத் தேய்ப்பவள். பேசாமல் இருப்பது அவளுக்கு வராது.

6

அவள் கையைத் தூக்கினாள்.

நடுவர் கனத்த ஆள். புல்வெளியை மெதுவாகக் கடந்து, காக்கைக்குப் பின்னால் போய்க் குந்தினார்.

முடிவு அ: கீலில் துரு. (துருவை எங்கே வைப்பது என்பது என் கையில்தான் இருக்கிறது. தாராளமாகவே வைத்தேன்.) மறுபடி சுட்டாள். காக்கை விழுந்தது.

முடிவு ஆ: ஓட்டையின் விளிம்பில் ஈயம் புதிதாகப் பளபளத்தது. ஒரு புள்ளி போயிற்று. அவள் போய்க் குடையை

முடிவு இ: தகட்டுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு நத்தை. (அதற்குக் காயமில்லை. அண்ணி கேட்பார்.)

மூன்றையும் வாசித்துக் காட்டி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றுக்கும் ஒரே சிரிப்பு. நத்தைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. தோற்றாலும் இதே சிரிப்பைச் சிரிக்கக்கூடியவர் அவர்.

ஆகவே மூன்றையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெளிவாகத் தெரிவது இவ்வளவுதான்:

குந்திய நடுவர் எழவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். இன்னொரு கையையும் ஊன்றினார். அசையவில்லை. கடைசி இடம் அவளுக்கா லிஃப்ட்காரருக்கா என்பது அந்தக் குந்தலுக்குள் இருந்தது.

"தங்கச்சி," என்றார் லிஃப்ட்காரர் தாழ்ந்த குரலில், "ஆளு ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்டாரு. நான் போய்க் கையால ஏத்தவா?"

"சும்மா இருங்கண்ணே, அவருக்குக் கேட்டுடப் போவுது."

"கேட்டா எந்திரிச்சிடுவாரே! நல்லதுதானே!"

அவள் புல்லில் சாய்ந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். யார் ஜெயித்தது என்று இருவருக்குமே தெரியாத அந்த நிமிடத்தில், இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அங்கே நடுவர், ஒருவழியாக, ஒரு முழங்காலை நிமிர்த்துகிறார். வாயைத் திறக்கிறார்.

நான் இதற்குமேல் போகப் போவதில்லை. அவர் என்ன சொல்கிறார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள். அண்ணி பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.