தொட்டியில் மிஞ்சியது

கொட்டகைக்குள்ளிருந்து வெடி வெடித்தாற்போல ஓர் இருமல். சுலோச்சனா சாணிக்கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். சினையாக இருந்த செவலைப் பசு, மூக்கில் சளி ஒழுக, கழுத்தை நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுச் சாலவாக்கம் வரை ஸ்கூட்டரில் பறந்து, கால்நடை டாக்டர் கல்பனாவைப் பின்னால் உட்காரவைத்து அழைத்து வந்தவள் எதிர்வீட்டு மஞ்சுளா. அதுவே சுலோச்சனாவுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. சந்தையில் புதுமாடு வாங்கியதிலிருந்து பால் சொசைட்டியில் மஞ்சுளாவுக்கு ராஜமரியாதை. பால் அளக்கிற ஏழுமலை, "மஞ்சுளா வூட்டுப் பால்தான் பாலு!" என்று பல்லிளிப்பான். சுலோச்சனாவின் கேனை மட்டும் ஆட்டி ஆட்டிப் பார்ப்பான்.

டாக்டர் பசுவின் மார்பில் குழாய் வைத்துக் கேட்டார். "வைரஸ் காய்ச்சல். நுரையீரல் வரைக்கும் போயிருக்கு. மழைக்குத் தார்ப்பாய் கட்டிக் காத்தே இல்லாம பண்ணிட்டீங்க, அது வேற. புதுமாடு ஏதும் வாங்கினீங்களா?"

"வாங்கறவங்க வாங்குவாங்க. எனக்கு இன்னாத்துக்கு?"

"வெளியில மேய விட்டீங்களா?"

"கயித்த அவுக்கவே இல்ல. எல்லாம் கண்ணு, டாக்டரம்மா. எதிர்வூட்டுக் கண்ணு!"

மஞ்சுளா சிரித்தேவிட்டாள். "அக்கா, என் கண்ணுக்கு அவ்ளோ பவர் இருந்தா மொதல்ல உன் வாயைத்தான் கட்டியிருப்பேன்." டாக்டரிடம் திரும்பினாள். "என் மாடு சந்தையிலேருந்து வந்தப்போ சளியும் இருமலுமாத்தான் இருந்துச்சு. இப்போ தேவலை. ஆனா ரெண்டும் ஒண்ணு மூஞ்சிய ஒண்ணு பாத்ததே இல்லியே!"

"வாங்கினதும் தனியாக் கட்டி, என்னைக் கூப்பிட்டிருக்கணும். மூஞ்சி பார்க்க வேணாம், மூக்குத்தண்ணியும் எச்சிலும் போதும். வாளி, கயிறு, தீனி எதுல வேணா வரும்." டாக்டர் சுலோச்சனாவைப் பார்த்தார். "வந்த வழி தெரிஞ்சாத்தான் அடைக்க முடியும். இல்லேன்னா கன்னும் தங்காது, தாயும் தங்காது."

சுலோச்சனா மூலையிலிருந்த நீல வாளியைப் புடவையால் மறைத்தபடி நின்றாள். செவலை மறுபடி இருமியது. வயிறு குலுங்கி, உள்ளே கன்று புரள்வது தோலுக்கு மேலேயே தெரிந்தது. சுலோச்சனா புடவையை விலக்கி வாளியைக் காலால் முன்னே தள்ளினாள். அப்போதும் டாக்டரைப் பார்க்கவில்லை, மஞ்சுளாவைத்தான் முறைத்தாள்.

"நீ சொசைட்டிக்குப் போற நேரமாப் பாத்து, உன் மாடு தின்னு மிச்சம் வெச்சதத் தெனம் அள்ளிக்கினு வந்து இதுக்குப் போட்டேன்டி... தொட்டியில அப்படி இன்னாதான் கலக்கறேன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கல!"