கதவைத் தட்ட ஓர் ஆள்

வாடகை அறையைப் படம் பிடிப்பதில் என்னென்ன திருட்டுத்தனம் உண்டோ அத்தனையும் எனக்கு அத்துப்படி. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பெண்களுக்காக எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூலையில் நின்று எடுத்தால் பொந்து மாதிரி அறையும் கல்யாண மண்டபமாகத் தெரியும். சுவரில் ஓதம் ஏறி ஈரம் பூத்த இடத்தில் காலண்டரை மாட்டிவிட்டால் தீர்ந்தது. அதனால் என் மகள் அருணா அயர்லாந்தில் தங்க அறை தேடியபோது நானே நீதிபதியாக உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்பா, “உங்கம்மா சொல்றதுதான்” என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அருணா உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருடம். அங்கே ஒரு பால் பொருள் கம்பெனியில் ஆறு மாதப் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்குள் தங்கும் முகவரியைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த மாணவிக்குப் போய்விடும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அன்று புதன்கிழமை.

முதல் அறையின் படத்தில் கம்பளம் சுவர் வரைக்கும் விரித்திருந்தது. அடியில் தரை உடைந்திருக்கும் என்றேன். அருணா கேட்டு எழுதினாள். ஆமாம், சீக்கிரம் சரிசெய்து விடுவோம் என்று பதில் வந்தது. அதைத் தள்ளிவிட்டோம்.

இரண்டாவது, மாணவர்களுக்கென்றே கட்டிய புது மாடிக் கட்டடம். தனிக் குளியலறை, வாஷிங் மெஷின், லிஃப்ட். போனில் நம்பர் அழுத்தினால் கதவு திறந்துகொள்ளும், யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை. அருணாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எவ்வளவு துருவியும் எனக்குக் குறையே அகப்படவில்லை, அதுவே எரிச்சலாக இருந்தது. கடைசியில் கேட்டுவிட்டேன்.

“ஒனக்கு ஜுரம் வந்து ரெண்டு நாள் கதவத் தொறக்காம படுத்துக்கினு இருந்தா, யாரு வந்து தட்டுவாங்க?”

அருணா என்னையே பார்த்தாள். “பிரின்சிக்கு நீ தட்டுனியாம்மா?”

எனக்குச் சுருக்கென்றது. மூன்றாம் நம்பர் அறையில் இருக்கும் பிரின்சி நாகர்கோவில் பக்கத்துப் பெண். போன மாதம் காய்ச்சலில் இரண்டு நாள் எழுந்திருக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் பக்கத்து அறைப் பெண் பார்த்து ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். என் சமையலறையிலிருந்து அவள் கதவுக்கு இருபது அடி. அவள் செருப்பு வாசலில் அசையாமல் கிடந்ததை இரண்டு நாளும் பார்த்தேன். லீவு போலிருக்கிறது என்று என் வேலையைப் பார்த்தேன். அது வேறு, இது வேறு என்று அருணாவிடம் கத்தினேன். கத்தும்போதே வெட்கமாக இருந்தது. அப்படியும் தட்ட ஆளில்லாத அந்தக் கட்டடம் வேண்டாம் என்று அடம்பிடித்து அதையும் தள்ள வைத்தேன்.

வியாழன் சாயங்காலம் மிச்சம் இருந்தது ஒரே வீடு. படம் மங்கல், அடுப்பு பழசு என்று நானே முதலில் ஒதுக்கியது. வீட்டுக்காரம்மா பெயர் மொரீன், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கீழே அவர் இருப்பார், வாடகைக்கு மாடி அறை. அருணா வீடியோவில் கூப்பிட்டாள். நாங்கள் கேட்காமலேயே அந்தம்மா போனை மேலே திருப்பி, மழை வந்தால் இந்த மூலை ஒழுகும், ஆள் வரச் சொல்லியிருக்கிறேன், அதுவரை பக்கெட் வைக்கணும் என்று காட்டினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறை வாடகைக்கு விடும் இந்தப் பத்து வருடத்தில் நான் யாருக்கும் ஓதம் காட்டியதில்லை.

ஜுரத்தில் படுத்தால் யார் வந்து தட்டுவார்கள் என்ற என் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். அருணா தயங்கித் தயங்கிக் கேட்டாள். அந்தம்மா சிரிக்கவில்லை, யோசித்துப் பதில் சொன்னார். அருணா எனக்குத் தமிழில் சொன்னாள்.

“காலைல ஏழு மணிக்குக் கிச்சன்ல டீ குடிப்பாங்களாம். எட்டு வரைக்கும் நான் கீழ வரலன்னா மேல வந்து கதவத் தட்டுவாங்களாம். அது தொந்தரவுன்னா இப்பவே சொல்லிடுன்றாங்க.”

“தொந்தரவே இல்லன்னு சொல்லுடி” என்றேன். கண் கலங்கிவிட்டது. இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. அருணா உடனே முகவரியைக் கல்லூரிக்கு அனுப்பினாள். நான் அன்று படுத்ததும் தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவும்போது பார்த்தேன். மூன்றாம் நம்பர் வாசலில் செருப்பு கிடந்தது, கதவு சாத்தியிருந்தது. முதல் ஷிப்டுக்கு ஆறு மணிக்கே போயிருக்க வேண்டியவள். ஈரக்கையோடு போய்த் தட்டினேன்.

பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்துக்கொண்டு பிரின்சி திறந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, வாடகை அஞ்சாம் தேதிதானே? இன்னும் நாலு நாள் இருக்கே?”

இரண்டு வருடமாக அந்தக் கதவை நான் தட்டியது அதற்கு மட்டும்தான்.

“வாடகைக்கு வரல. செருப்பு கெடக்குதேன்னு பாத்தேன். ஒடம்பு நல்லாதானே கீது?”

இன்றைக்கு வார விடுமுறை, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றாள். கதவை மட்டும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. இனிமேல் இப்படித்தான் வந்து தட்டுவேன், பயப்படாதே என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். சரி என்று தலையாட்டினாள்.

நான் நாலடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“அஞ்சாம் தேதி கண்டிப்பா தந்துருவேன்க்கா.”