அட்மின் இல்லாத குரூப்

ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி எங்கள் போன்களை எல்லாம் பிடுங்கி, ஆபரேஷனுக்குப் படுக்கப்போட்டதுபோல சமையல் மேடையில் பரப்பி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் ஆபீசில் ஏசிக்கடியில் உட்கார்ந்து வாழ்கிறவனுக்கு லீவு கிடைத்தால் வீட்டைத் திருத்த வேண்டும். நான் குடோனில் லோடு இறக்கிவிட்டு வந்து நின்றேன். கழுத்தெல்லாம் சிமெண்ட் அரிப்பு. குளிக்கக்கூட விடவில்லை.

எல்லாம் தங்கச்சிக்காக. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவன், குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். வெளியூர்த் தையல் கம்பெனிக்கு ஓடிப் போனாள். சொந்தத்தில் ஒரு வாய் அவள் நம்பரையும் கம்பெனியையும் கக்க, அவன் தேடி வந்து கம்பெனி வாசலிலேயே முடியைப் பிடித்து இழுத்தான். இப்போது வேறு ஊர், வேறு கம்பெனி. எந்த ஊர் என்று எங்களுக்கே தெரியாது. தம்பிக்கு மட்டும் எப்போதாவது மெயில் அனுப்புவாள்.

"ஒரு ஆப்பு நம்பர் கேக்குது, வேணாம். இன்னொண்ணுல கம்பெனிக்காரன் நடுவுல குந்திக்கிட்டு இருக்கான், அதுவும் வேணாம். இந்த ஆப்புல நம்ம வீட்டுக்கு ஒரு குரூப் போடுறேன், நடுவுல ஆளே கிடையாது. நம்ம போன்லேருந்து நேரா அவ போனுக்கு. கவர்மெண்டே வந்தாலும் ஒண்ணும் புடுங்க முடியாது," என்றான் தம்பி.

"அவன் லாரிக்காரன்டா. கவர்மெண்ட் எங்க வந்துச்சு?"

"உனக்குப் புரியாதுண்ணே."

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பாவுக்கு ஒன்றே ஒன்று புரிந்தது. திரையில் வரும் கறுப்பு வெள்ளை க்யூஆர் கட்டத்தை யாருக்குக் காட்டினாலும் அந்த ஆள் குரூப்புக்குள் வந்துவிடுவார். அதை நாலு தரம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தம்பி அந்தக் கட்டத்தை மெயிலில் அனுப்ப, மத்தியானம் தங்கச்சி குரூப்புக்குள் வந்தாள். ஒரு போட்டோ போட்டாள். கம்பெனி கேட் அருகே, அடையாள அட்டையோடு, கொஞ்சம் சதை பிடித்த முகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே கம்பெனிப் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் எழுதிய போர்டு. 'ஷிப்டுக்குப் போறேன், போனை ஆஃப் பண்ணி வாசல்ல கொடுத்துடணும்' என்று எழுதியிருந்தாள். அம்மா அந்தப் போட்டோவை விரலால் தடவித் தடவிப் பெரிதாக்கினாள். தம்பி, பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரி நின்றான்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் குரூப்பில் ஓர் ஆள் கூடியிருந்தது. லாரி முன்னால் கூலிங்கிளாஸ் போட்டு நிற்கிற படம்.

"யாருப்பா சேர்த்தது?"

அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நான்தான். அந்தக் கட்டத்தப் படம் புடிச்சு அனுப்புனேன். குடும்ப குரூப்புன்னு வச்சுட்டு வீட்டு மாப்பிள்ளையச் சேர்க்கலேன்னா என்ன மரியாதை? நாளைக்கு அவங்க வீட்டுல ஒரு வார்த்தை கேட்டா நான் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

மகளின் முகம் வீங்கியிருந்தபோது இந்த மூஞ்சியை எங்கே வைத்திருந்தார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கை நீண்டிருக்கும்.

"தூக்குடா அவன," என்றேன் தம்பியிடம்.

அவன் திரையை இப்படியும் அப்படியும் தள்ளினான். "முடியாதுண்ணே. இதுல அட்மினே கிடையாது. எல்லாரும் சமம். யாரும் யாரையும் தூக்க முடியாது."

"போட்டோவையாவது அழி."

"அவ போட்டத அவதான் அழிக்கணும். அதுவும் அவன் போனுக்குப் போயிருந்தா போனதுதான்."

நல்ல சமத்துவம். அடிக்கிறவனும் அடிபட்டவளும் ஒரே பந்தியில்.

எச்சரிக்கை அனுப்பினோம். அவள் போன் உயிரோடு இருந்தால்தான் போய்ச் சேருமாம். நடுவில் வாங்கி வைத்துக் கொடுக்க ஆள் இல்லையே. போர்டிலிருந்த நம்பருக்கு அடித்தேன். ஷிப்டில் இருக்கிற பொம்பளைகளைக் கூப்பிட முடியாது என்று வாட்ச்மேன் வைத்துவிட்டான். தம்பி இன்னும் திரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, போர்டிலிருந்த ஊருக்குக் கிளம்பினேன்.

அந்த ஊர்ப் பஸ் பாதி வழியில் ஒரு டீக்கடையோரம் நின்றது. போனைப் பார்த்தேன். குரூப்பில் அப்பா எழுதியிருந்தார்: 'மாப்பிள்ளை அங்கே கிளம்பிவிட்டாராம். யாரும் சங்கடமாகப் பேச வேண்டாம்.' கீழே அம்மா ஒரு கும்பிடு போட்டிருந்தாள்.

வெளியே பஸ் டிரைவர் சட்டைப் பித்தானைக் கழற்றிவிட்டு, நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், ரோட்டில், லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போயின.